ஒத்தை ஆள் படம்

“நான் படம் எடுத்தா ஆளு செத்துப் போறாவ, டீச்சர்.”

வாசலில் நின்றபடியே சொன்னார் தங்கப்பழம். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

எப்சிபா டீச்சர் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“எல்லாருமா?”

“ஒத்த ஆளா எடுத்தா.”

“கூட்டமா எடுத்தா?”

“கூட்டத்துக்கு ஒண்ணும் ஆகல. கல்யாண வீட்டுல மொத்தச் சாதிசனத்தையும் நிக்க வச்சு எடுத்திருக்கேன். நல்லாத்தான் இருக்காவ.”

“பரவாயில்லையே. உங்க கேமராவுக்கு எண்ணத் தெரியுது,” என்றார் டீச்சர். “உள்ள வாங்க அண்ணாச்சி. கீரைய மிதிக்காம வாங்க.”

தங்கப்பழம் ஐம்பதைத் தொட்டவர். சிறிய ஊரின் கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். டீச்சருக்கு அவரைவிட வயது குறைவு. சென்னையில் பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், ஏனோ அதை உதறிவிட்டு வந்து மணல்மேடுகள் நிறைந்த தேரிக்காட்டின் ஓரத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் குடியேறினார். காற்றடித்தால் செம்மணல் படியேறி அடுப்படிவரை வரும் வீடு.

படம் எடுக்கப் படிக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார்கள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் வழக்கம் டீச்சரிடம் கிடையாது.

“யாரெல்லாம் செத்தாவ?” என்று கேட்டார் டீச்சர்.

தங்கப்பழம் சொன்னார்.

முதலில் ஒரு தலைமை ஆசிரியர். வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற நேரம், ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று வந்து உட்கார்ந்தார். படத்தை வாங்க அவர் வரவில்லை. மகன் வந்து, பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தரச் சொன்னான். அடுத்தது தங்கப்பழத்தின் சொந்த அத்தை. வயதானவர்கள், விதி முடிந்தது என்று அதோடு விட்டிருக்கலாம். மூன்றாவதாக வந்தவன் லாரி ஓட்டுகிற வாலிபன். லைசென்ஸுக்குப் படம் எடுத்துக்கொண்டு சிரித்தபடி போனவனை அந்த வாரமே பாலத்துக்கு அடியிலிருந்து தூக்கினார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? “தாத்தா இழுத்துக்கிட்டே கெடக்காரு, தங்கப்பழத்தக் கூப்பிட்டு ஒரு படம் எடுத்திரலாமா?” என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரித்தவர்கள்தான் பிறகு அவர் எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போனார்கள்.

ஊரைவிட அவர் பயந்தார். ஒத்தை ஆளை உட்கார வைக்கும் முக்காலியைத் தூக்கிப் பரணில் போட்டார். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு வருகிறவர்களைப் பக்கத்து ஊருக்கு அனுப்பினார்.

“சரி, கூட்டமா மட்டும் எடுத்துப் பொழைங்க,” என்றார் டீச்சர். “இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீய?”

தங்கப்பழம் தரையைப் பார்த்தார்.

“வீட்டுக்காரிக்கு வயித்துல கட்டி. பொங்கல் கழிஞ்சதும் ஆப்பரேஷன். பாளையங்கோட்டைக்கு வரச் சொல்லியிருக்காவ.”

டீச்சரின் கை கீரையில் நின்றது.

“போறதுக்கு முந்தி என்னைய ஒரு படம் எடுங்கன்னா. ஒத்தயா. உங்க கையாலன்னா.”

“எடுத்தீயளா?”

“நாளைக்குப் பாப்பம், நாளைக்குப் பாப்பம்னு ஓட்டிட்டேன். எடுத்து, அவ அங்கன போயிட்டான்னா? நானே கொன்ன மாதிரி. எடுக்காம, அவ போயிட்டான்னா? அவ மொகம்னு எங்கிட்ட ஒண்ணும் இருக்காது. இத்தன வருசமா ஊர்ப்பட்ட மொகத்த எடுத்தவன் நான்.” கையெடுத்துக் கும்பிட்டார். “இந்தப் பயத்தப் பிடுங்கிப் போடுங்க டீச்சர். வேற ஒண்ணும் வேண்டாம்.”

டீச்சர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் பிரிக்காத ஒரு பிலிம் ரோல்.

“முப்பத்தாறு படம். ஒரே ஆளு. அந்த ஆளத் தவிர ஒரு காக்காயக்கூட எடுக்கக் கூடாது. முடிஞ்சதும் கழுவிப் பாப்பம்.”

“யார எடுக்க?”

“இங்க வேற யாரு இருக்கா? என்னையத்தான்.”

*

தங்கப்பழம் ரோலை வாசல் திண்டில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். சொல்லிக்கொள்ளவும் இல்லை.

விறுவிறுவென்று மணலில் நடந்து தார்ரோட்டுக்கு வந்தார். பஸ் வந்தது. கண்டக்டர், “ஏறுங்க, ஏறுங்க” என்றார். தங்கப்பழம் ஏறவில்லை.

வீட்டுக்குப் போனால் சண்முகக்கனி படத்தைப் பற்றிக் கேட்கமாட்டாள். அதுதான் கஷ்டம். முதலில் கேட்டாள், அப்புறம் ஞாபகப்படுத்தினாள், இப்போது அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். அவர் கேமராவைத் துடைக்க எடுத்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். அவளுக்குத் துணையாகத் தங்கச்சிக்காரி வந்திருந்ததால்தான் அவரால் இவ்வளவு தூரம் வரவே முடிந்தது.

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

அவர் திரும்பி வந்தபோது டீச்சர் இரண்டு தட்டில் சோறு போட்டு வைத்திருந்தார்.

“என்ன, கண்டக்டர் எடம் தரலையா?”

தங்கப்பழம் தட்டின் முன் உட்கார்ந்து சாப்பிட்டார்.

*

மறுநாள் காலை முற்றத்தில் ஒரு மரப்பெஞ்சைப் போட்டு டீச்சர் உட்கார்ந்தார்.

பிலிம் மாட்டத் தங்கப்பழத்துக்குக் கண் வேண்டாம், விரல் போதும். அன்றைக்கு விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மூன்றாவது தடவைதான் பிலிம் பல்சக்கரத்தில் மாட்டியது.

“ஜெபம் பண்ணிக்கிடுங்க டீச்சர்.”

“பண்ணியாச்சு. உங்களுக்கும் சேத்து.”

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

கூரையிலிருந்து ஓர் ஓடு சரிந்து டீச்சரின் காலடியில் விழுந்து சிதறியது.

தங்கப்பழம் கேமராவோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“ஓடு பழசு,” என்றார் டீச்சர். “போன வாரமும் விழுந்துச்சு. அப்ப நீங்க உங்க ஊர்ல இருந்தீய.”

“போதும் டீச்சர். நான் போறேன்.”

“போங்க. அதுக்கு முந்தி அடுத்தத எடுங்க.”

அடுத்ததை எடுத்தார். ஒன்றும் விழவில்லை. விழாததும் அவருக்குப் பயமாகத்தான் இருந்தது.

*

வீட்டை ஒட்டியிருந்த சாய்ப்பில் அவருக்குப் பாய் கிடைத்தது.

டீச்சர் விடிந்ததும் முற்றம் பெருக்குவார். அந்த விளக்குமாற்றுச் சத்தம் கேட்கிறவரை தங்கப்பழம் கண்ணைத் திறக்கமாட்டார். கேட்டதும், அப்பாடா, இன்னும் இருக்கிறார் என்று எழுந்து முகம் கழுவுவார்.

பிறகு நாள் முழுக்கக் கேமராவோடு டீச்சர் பின்னாலேயே அலைவார். டீச்சர் தண்ணீர் இறைத்தால் எடுப்பார். ஆட்டை வைதால் எடுப்பார். எடுத்த கையோடு ஏதாவது நடக்கிறதா என்று நாலு பக்கமும் பார்ப்பார். டீச்சர் மிளகாய் வறுத்துத் தும்மினால் இவர் ஓடி வந்து எட்டிப் பார்ப்பார்.

ஒரு தடவை கிணற்றடியில் டீச்சரின் கால் லேசாக வழுக்கியது. தங்கப்பழம் ஓடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, தண்ணி நான் இறைக்கேன். படம் நீங்க எடுங்க. ரெண்டு பேரும் ஒரே வேலையப் பாத்தா எப்படி?”

தினமும் பொழுது சாயும்போது டீச்சர் ஒரே கேள்வியைக் கேட்பார்.

“இன்னைக்கு என்ன பாத்தீய?”

“நீங்க உசிரோட இருக்கதப் பாத்தேன்.”

“அதுக்குக் கேமரா எதுக்கு?” என்பார் டீச்சர்.

ஒருநாள் டீச்சர் விறகு எடுக்கக் குனிந்தார். தங்கப்பழம் அழுத்தினார். அழுத்திய மறு நொடியில் விறகுக்கு நடுவிலிருந்து ஒரு சுருட்டை விரியன் வெளியே வந்தது. நீட்டிய கை நீட்டியபடி டீச்சர் அசையாமல் நின்றார். பாம்பு யோசித்தது. பிறகு மெதுவாக வேலிப் பக்கம் ஊர்ந்து போனது.

டீச்சர் விறகை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். தங்கப்பழம்தான் வேலியோரம் போய் வாந்தி எடுத்தார்.

*

பிறகு ஒரு காலையில் விளக்குமாற்றுச் சத்தம் கேட்கவில்லை.

தங்கப்பழம் கண்ணை மூடியபடி காத்திருந்தார். வெயில் சாய்ப்புக்குள் வந்து காலைச் சுட்டது. சத்தம் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்.

டீச்சர் இரண்டு போர்வைக்குள் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தார். நெற்றி கொதித்தது.

அவர் ஓடினார். அந்த வயதில், அந்த மணலில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தார்ரோடுவரை ஓடினார். ஒரு சைக்கிள்காரரைக் கெஞ்சி ஊருக்குள் போய் டாக்டரைக் கூட்டி வந்தார்.

டாக்டர் ஊசி போட்டார். “ரெண்டு நாள் பாப்பம். எறங்கலன்னா திருநெல்வேலிக்குக் கொண்டு போயிருங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை.

மத்தியான வெயிலில் தேரியைப் பார்க்கவே கண் கூசியது. தங்கப்பழம் டீச்சரின் கட்டிலுக்கு எதிரே கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதன் முதுகுக் கதவின் கொக்கியில் அவர் விரல் இருந்தது. கதவைத் திறந்தால் உள்ளே வெளிச்சம் பாயும். எடுத்த படம் ஒன்றுகூட மிஞ்சாது. எல்லாம் அழிந்துபோகும். அழிந்தால் டீச்சர் பிழைத்துக்கொள்ளலாம்.

டீச்சர் கண்ணைத் திறந்தார்.

“என்ன செய்யுதீய?”

“தெறந்து விட்டிரப் போறேன் டீச்சர்.”

“தெறந்தா நான் பொழச்சிருவனா?”

“தெரியல.”

“தெறக்காட்டி செத்துருவனா?”

“தெரியல.”

“தெரியாம எதுக்குத் தெறக்கீய?”

அவர் விரல் கொக்கியிலேயே இருந்தது. டீச்சர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார்.

“இன்னும் பிலிம் மிச்சம் இருக்கா?”

“இருக்கு.”

“எடுங்க.”

“டீச்சர், இது பாவம்.”

“எடுங்க அண்ணாச்சி.”

தங்கப்பழம் எடுத்தார். ஓவென்று அழுதுகொண்டே எடுத்தார். கண் வைக்கும் இடம் நனைந்து ஒன்றும் தெரியவில்லை. வேட்டி நுனியால் துடைத்துவிட்டு மறுபடியும் எடுத்தார். வாழ்க்கையில் அவ்வளவு பயந்துகொண்டு அவர் எதையும் செய்ததில்லை. ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் இதுதான், இதோடு முடிந்தது என்றே நினைத்தார்.

அன்று சாயங்காலம் டீச்சருக்கு வேர்த்தது. தலையணை நனைகிற அளவுக்கு வேர்த்தது.

“பசிக்கு,” என்றார் டீச்சர்.

தங்கப்பழம் கஞ்சி காய்ச்சினார். டீச்சர் கஞ்சி குடிப்பதை எடுத்தார். அத்தோடு ரோல் தீர்ந்தது.

*

அடுப்படிக்குப் பக்கத்து அறைதான் இருட்டறை. டீச்சர் தெம்பாக நடமாடத் தொடங்கியதும் இருவரும் கதவு இடுக்கில் கறுப்புத் துணியைச் செருகிவிட்டுப் பிலிமைக் கழுவினார்கள். கொடியில் காயப் போட்டார்கள். காய்ந்ததும் எல்லாப் படத்தையும் ஒரே தாளில், தபால்தலை அளவில், வரிசையாக அச்செடுத்தார் தங்கப்பழம். இந்த வேலையில் அவர் கை நடுங்கவில்லை.

ஜன்னலோரம் வெளிச்சத்தில் தாளை வைத்து, டீச்சர் ஒரு பூதக்கண்ணாடியை நீட்டினார்.

“பாருங்க.”

தங்கப்பழம் பார்த்தார். சிரித்தார். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

“முழு ரோலும் எடுத்தாச்சு. உங்களுக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் கிறுக்கன் மாதிரி பயந்திருக்கேன் டீச்சர்.”

“காய்ச்சலு ஊசியில எறங்குச்சு. அதுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்ல. படத்தப் பாருங்க.”

அவர் இன்னொரு தடவை பார்த்தார்.

“இதுல வெளிச்சம் தூக்கலா இருக்கு. இது ஆடிப் போச்சு, அழுதுகிட்டு எடுத்தேன்லா. இந்தக் கிணத்தடிப் படத்துல கொஞ்சம் தள்ளி நின்னிருக்கணும்.”

“படத்தப் பாருங்க அண்ணாச்சி.”

எரிச்சலாக வந்தது தங்கப்பழத்துக்கு. இத்தனை வருஷம் தொழில் செய்கிறவனிடம் படத்தைப் பார் என்றால்? கண்ணாடியை நன்றாகக் கீழே இறக்கி, காய்ச்சலில் எடுத்த ஒரு படத்தின்மேல் வைத்தார்.

அப்படியே இருந்தார்.

“டீச்சர், நீங்க பயந்திருக்கீய.”



போர்வைக்கு மேலே அந்தக் கண்கள், ஓடிப்போக இடமில்லாத ஒருத்தியின் கண்கள். அதட்டலாக, எடுங்க அண்ணாச்சி என்று சொன்னபோது இருந்த கண்கள் அவைதாம்.

தங்கப்பழம் கண்ணாடியைப் பின்னோக்கி நகர்த்தினார். விறகுப் படம். பாம்பு இன்னும் வெளியே வராத நொடி. டீச்சரின் பார்வை விறகில் இல்லை, கேமராவில் இருக்கிறது. கிணற்றடிப் படம். வாயில் சிரிப்பு, ஆனால் தாடை இறுகிக் கிடக்கிறது. அவர் இன்னும் பின்னால் போனார். முதல் படம். நிமிர்ந்து, மகாராணியாட்டம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் டீச்சர். இரண்டு கையும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருக்கின்றன. விரல் கணுவெல்லாம் வெளுத்திருக்கிறது.

“ஓடு இதுக்கப்புறம்தான விழுந்துச்சு?”

“ஆமா.”

“அப்ப எதுக்கு இந்தப் பிடி?”

“மூணு பேரு செத்த கதைய எங்கிட்டத்தான சொன்னீய? என்னைய மட்டும் என்ன மரத்துலயா செஞ்சிருக்கு?”

விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை இந்த முகத்துக்கு எதிரேதான் நின்றிருக்கிறார்.

“ஏன் டீச்சர் சொல்லல?”

“நீங்க கேக்கலையே.”

தங்கப்பழம் கண்ணாடியைக் கீழே வைத்தார். எழுந்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, கேமராவை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். துணிப்பை சாய்ப்பிலேயே கிடந்தது. பஸ் வருகிற நேரமா என்றுகூட அவர் யோசிக்கவில்லை.

டீச்சர் ஓடு மாற்ற ஏணியை எடுத்துக்கொண்டு கூரைப் பக்கம் போனார்.

*

சண்முகக்கனி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கணவரைப் பார்த்ததும் எழப் போனாள்.

“வந்துட்டீயளா? சோறு வைக்கட்டா?”

“இரி.”

அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார் தங்கப்பழம். கேமராவைப் பக்கத்தில் வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னங்க அப்படிப் பாக்கீய?”

“ஒனக்குப் பயமா இருக்கா?”

முறம் நின்றது.

கட்டி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள். ஆப்பிள் வாங்கி வந்தார்கள். தைரியமா இரு என்றார்கள். இப்பல்லாம் இது ஒரு ஆப்பரேஷனா என்றார்கள். அவளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினாள். இதை ஒருத்தரும் கேட்கவில்லை.

“இருக்கு,” என்றாள்.

சொன்னதும் உடைந்துபோனாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

“மயக்க ஊசி போட்டு, அப்படியே முழிக்காம போயிருவனோன்னு இருக்கு. கண்ண மூடினாலே அதான். ஒங்ககிட்டச் சொன்னா நீங்க எனக்கு மேல பயப்படுவீயன்னு சொல்லல.”

ஒன்றும் ஆகாது என்று வாய்வரை வந்தது தங்கப்பழத்துக்கு. சொல்லவில்லை. கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார். அவள் அழுது முடிக்கிறவரை பக்கத்திலேயே இருந்தார்.

கடைசியில் அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“படம் எடுக்கட்டா?” என்று கேட்டார்.

அவள் கேமராவைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

“ஊர்ல என்ன பேசுதாவன்னு தெரியும்லா ஒனக்கு?” என்றார்.

“தெரியும்.”

“தெரிஞ்சுமா எங்கிட்டக் கேட்ட? பக்கத்து ஊரு ஸ்டுடியோவுக்குப் போயிருக்கலாம்லா?”

“வேற ஆளு எடுத்தா நான் சிரிக்கணும்லா.”

தங்கப்பழம் கேமராவைத் தூக்கினார். கை நடுங்கியது. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“பயப்படுதீயளா?”

“ரொம்ப.”

“அப்ப சரி,” என்றாள் சண்முகக்கனி. “எடுங்க.”